ஓர்கிட் தண்டை எறியாதீர்கள்
டென்ட்ரோபியம் ஓர்கிட் பூத்து முடிந்து இலை கொட்டிய பழைய தண்டை அநேகர் வெட்டி எறிகிறார்கள். அது உலராமல் பச்சையாக இருந்தால் கன்று தரும். இரண்டு மூன்று கணுக்கள் வரத்தக்கதாகத் துண்டாக்கி, வெட்டிய முனையில் கறுவாத்தூள் தடவி, ஊறவைத்துக் கழுவிய தும்பின்மேல் கிடத்துங்கள். நிழலுக்குக் கிடுகுப் பந்தல் போதும். தண்ணீர்தான் எங்களுக்குச் சிக்கல். வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் கிணற்றுநீரே ஒத்துவராது. தீவுப்பகுதிச் சவர்நீர் சொல்லவே வேண்டாம். மாரியில் கூரைநீரைப் பிடித்துவைத்துத் தெளியுங்கள். சில கிழமைகளில் முளைக்கும், சிலவற்றுக்கு மாதங்கள் செல்லும். வேர் இரண்டு அங்குலமானதும் பிரித்து, சிரட்டைக்கரியும் ஓட்டுத்துண்டும் இட்ட சட்டியில் வையுங்கள்.

பூக்க 2, 3 வருடமாகலாம். ஆகவே சகோதரிகளே, இதை நம்பி நுண்கடன் எடுக்கவேண்டாம். அயலில் ஒரு தண்டு கேட்டு வாங்கித் தொடங்குங்கள். முதற் கன்றுகளை விற்காமல் தாய்ச்செடியாக வளர விடுங்கள்.