பழைய வலையும் புதிய சுவரும்: முல்லைத்தீவுக் கரையோரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

நெய்தல் நிலத்தைப் பாடிய பழந்தமிழ்ப் புலவர் கண்ணில் வலை தவறாது பட்டிருக்கிறது. பட்டினப்பாலை, பரதவர் குடியிருப்பின் மணல் முற்றத்தில் வலைகள் உலர்வதைக் காட்டுகிறது. ஆயினும் அங்கு வலை வீட்டின் முன்னே கிடக்கிறதேயன்றி வீட்டின் உறுப்பாகவில்லை. கொக்கிளாயிலிருந்து நாயாறு, அளம்பில், முல்லைத்தீவு நகர் ஊடாகச் சாலை வரை நீளும் வன்னியின் கிழக்குக் கரையிலோ பழைய வலை வீட்டோடு ஒன்றியிருக்கிறது. காற்று கிடுகைப் பிய்த்தெறியாவண்ணம் கூரைமேல் அதனை விரித்துக் கட்டுவர், வீட்டுத்தோட்டத்துக்கு வேலியாக்குவர், கோழிக்கூட்டைச் சுற்றி மறைப்பர். அண்மைக்காலத்தில் நிலைபேறான கட்டடப்பொருள் எனப் பேசப்படுவதன் எளிய முன்வடிவம் இதுவே எனலாம்.

ஆனால் கழிக்கப்பட்ட வலை என்றும் கழிவாக இருந்ததில்லை என்பது முதற்கண் மனங்கொள்ளத்தக்கது. பருத்தி நூல் வலையை நாள்தோறும் உலர்த்தவும், மரப்பட்டைச் சாயம் ஊட்டவும் வேண்டியிருந்தது. அவ்வாறு பேணியும் அது விரைவில் இற்றது. இற்றபின் மண்ணோடு மண்ணானது. 1935இல் அமெரிக்க டூபொன்ற் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் கரோதேர்சு குழுவினர் ஆக்கிய நைலோன், இரண்டாம் உலகப்போரின் பின் மீன்பிடியிற் புகுந்தது. இலங்கையில் 1950களின் பிற்பகுதி தொடக்கம் இயந்திரப் படகுகளோடு சேர்ந்து அது பரவிற்று. பிடிபாடு பெருகியது, வலை வாங்கும் முதலும் கடனும் உடன் பெருகின. இற்றுப்போகாத வலை, உழைத்துக் களைத்த பின்னும் கரையிற் கிடந்தது. கழிவு இயற்கையின் வகையன்று, வரலாற்றின் வகை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

வலை யாருடையது என்ற வினா இங்கு எழுகிறது. கரைவலைத் தொழிலில் பிடிபாட்டைப் பங்கிடும்போது வலைக்கெனத் தனிப் பங்கு ஒதுக்கப்படும். அஃது வலையை உடைய சம்மாட்டியைச் சேரும். கயிறிழுத்தவர் எஞ்சியதைத் தமக்குள் பிரித்துக்கொள்வர். உயிரற்ற பொருள் கூலி பெறுவதான இத்தோற்றம் உற்பத்திச் சாதன உடைமையின் தோற்றமேயாகும். பங்கு பெறும் தகுதியை வலை இழந்த பின்னரே அது தொழிலாளியின் கூரைக்கு வந்து சேருகிறது. கூரையில் விரிந்து கிடக்கும் கந்தல் வலையைக் கண்டு கிராமத்தவரின் சிக்கனத்தை வியந்து எழுதுவோர் இந்த வரன்முறையைக் கவனிப்பதில்லை.

உற்பத்திக் கழிவுகளின் பயன்பாட்டைப் பற்றி மார்க்சு 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் தனிப்பகுதியே எழுதியுள்ளார். கழிவு பெருந்தொகையாய் ஓரிடத்திற் குவிதல், பொறிகள் செம்மையுறுதல், இரசாயனவியல் வளர்தல் ஆகியனவே அதற்கு அடிப்படையென அவர் கண்டார். இத்தாலிய அக்குவாபில் நிறுவனம் 2011 முதல் பழைய நைலோன் வலைகளை மூலக்கூற்று நிலைக்குச் சிதைத்து மீண்டும் நூலாக்கி வருவது இதற்குப் பொருத்தமான உதாரணம். வன்னிக் கரையிலோ கழிவு சிதறிக் கிடக்கிறது, பொறியும் இல்லை. எனவே, நூலாக மாற்றாது வலையை வலையாகவே பயன்படுத்தும் வழியே இங்கு முதலில் ஆராயத்தக்கது.

அவ்வழிக்கு வன்னியின் மண்வீடு இடமளிக்கிறது. களிமண் உலரும்போது சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். இதனைத் தடுக்கவே வைக்கோல் கலந்து குழைக்கின்றனர். ஆனால் வைக்கோலைக் கறையான் அரிக்கிறது, ஈரம் உளுக்கச் செய்கிறது. வலை நாருக்கு இவ்விரு பகையும் இல்லை. டென்மார்க்குத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் பழைய வலையிலிருந்து எடுத்த பொலியெதிலீன் நாரைச் சீமெந்துச் சாந்து, ஜிப்சம், மண்கல் ஆகியவற்றிற் கலந்து சோதித்துள்ளனர். நார் சேர்ப்பதால் சுவரின் வலிமை பெரிதும் கூடிவிடுவதில்லை. வெடித்த பின்னரும் துண்டுகளைப் பிடித்து வைத்திருப்பதே நாரின் பணி. சடுதியாக இடிந்து விழுவதை அது தடுக்கிறது. நார் மிகுந்தால் கட்டிபட்டுச் சாந்து பாழாகும். பெரு நாட்டின் பொன்ரிபீசியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தார் இன்னொரு வழியை நாடினர்: மண்கற் சுவரின் இருபுறமும் நைலோன் கயிற்றை வலைபோற் பின்னி இறுக்கி, நிலநடுக்கத்தைத் தாங்கும் திறனைச் சோதித்தனர். வலை பின்னத் தெரிந்த கைகளுக்கு இது புதிதாய்க் கற்க வேண்டிய வித்தையன்று.

எல்லைகளையும் கூறியாக வேண்டும். உருக்குக் கம்பிக்கு வலை ஈடாகாது; வளையிலும் தூணிலும் அதனை நம்புதல் ஆபத்து. வெயிலிற் கிடந்த வலை நொருங்கும், நொருங்கிய துகள் மண்ணிலும் நீரிலும் கலக்கும். ஆதலின் கூரைமேல் விரிப்பதைவிடச் சாந்துக்குள் புதைப்பதே தக்கது. பொலியெதிலீன் ஏறத்தாழ 130 பாகையிலும் நைலோன் 220 பாகையளவிலும் உருகும் என்பதால் அடுப்படிச் சுவருக்கு இவை ஒவ்வா.

இவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. 2004 ஆழிப்பேரலையின் பின்னும், 2009இல் போரின் இறுதி மாதங்களிலும் இக்கரையோர மக்கள் கைக்கு அகப்பட்டதைக் கொண்டே தங்குமிடம் அமைத்தனர். சேலைகள் மண்மூட்டைகளாயின, தறப்பாள் கூரையாயிற்று. நிர்ப்பந்தம் கற்பித்த அத்திறனைப் 'பாரம்பரிய அறிவு' எனப் புகழ்ந்து, கல்வீட்டுக்கான உரிமையைக் கந்தல் வலையால் ஈடுசெய்ய முனைவதை நாம் ஏற்பதற்கில்லை. வலை சேர்ந்த சுவர் நல்ல சுவராயின் பாடசாலைக்கும் அரச அலுவலகத்துக்கும் அதுவே எழுப்பப்படட்டும்.

செயலளவில், இப்பணியைத் தனியொரு குடும்பம் தாங்காது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களே ஏற்கத்தக்கவை. இந்திய இழுவைப்படகுகளால் அறுபடும் வலைகளின் எச்சமும் அவர்களிடமே சேருகிறது. 2006இல் தடைசெய்யப்பட்ட தங்கூசி வலைகள் கைப்பற்றப்பட்டால் எரிக்கப்படுவதுண்டு. நச்சுப்புகை எழுப்புவதற்குப் பதிலாக அவற்றையும் சங்கங்களிடம் ஒப்படைக்கலாம். தரம்பிரிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை: நீரிலிட்டால் நைலோன் தாழும், பொலியெதிலீன் மிதக்கும். பின்னர் உப்பகலக் கழுவ வேண்டும். உப்பு எஞ்சிய வலை சீமெந்துக்குள் சென்றால் அருகிலுள்ள கம்பி துருப்பிடிக்கும். கழுவுவதற்கு நன்னீர் தேவை. கரையோரக் கிணறுகள் உவர்க்கும் ஆடி, ஆவணி மாதங்களில் அந்நீர் எங்கிருந்து வரும் என்பதே சங்கங்கள் முதலில் தீர்க்க வேண்டியிருக்கும் கணக்கு.