கட்டளைச் சொல்லும் கணினி வலையமைப்பும்

கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுதற்குச் சுவிச்சு, ரவுட்டர் எனும் கருவிகள் இடைநின்று உதவுகின்றன. சுவிச்சு ஒரு வலையமைப்பினுள் உள்ள கணினிகளை இணைக்கும்; ரவுட்டர் ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியைச் செலுத்தும். இவை பெரும்பாலும் திரையும் விசைப்பலகையும் இல்லாத பெட்டிகள். இவற்றைச் சொல்லால் ஏவும் முறை யாது, அதன்கண் உள்ள இடர் யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

கருவியின் கொன்சோல் வாயிலிலிருந்து ஒரு வடம் கணினிக்குச் செல்லும். கணினியில் இயங்கும் ரெர்மினல் செய்நிரல், நாம் தட்டும் எழுத்துக்களை அவ்வழியே அனுப்பி, கருவியின் மறுமொழியைத் திரையிற் காட்டும். தொலைவிலிருந்தும் இவ்வுரையாடலை நிகழ்த்தலாம். முன்னாளில் இதற்குப் பயன்பட்ட ரெல்நெற் முறை கடவுச்சொல்லையும் மறையாது அனுப்பியது. ஆதலின், பின்லாந்தில் 1995 இல் உருவான எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறி முறை அதன் இடத்தைப் பெரிதும் பெற்றது.

சிஸ்கோ நிறுவனத்தாரின் கருவிகளை எடுத்துக்கொள்வோம். முதற்படியில் '>' என்னும் குறி தோன்றும். அங்கு நிலைமை சிலவற்றைக் காணல் மட்டுமே இயலும். 'எனேபிள்' எனும் கட்டளையால் '#' குறியுடைய இரண்டாம் படியை எய்தலாம். 'கொன்பிகர் ரெர்மினல்' என்பது அமைப்பை மாற்றும் மூன்றாம் படிக்கு இட்டுச்செல்லும். இங்கு எழுதும் ஒவ்வொரு வரியும் அக்கணமே நடைமுறைக்கு வரும். எனினும், அது இயங்கும் நினைவகத்தில் மட்டுமே தங்கும். தொடக்க அமைப்பாகச் சேமிக்காவிடின், மின் நின்றதும் மறைந்துபோம்.

அக்கணமே நிகழ்தலாற் பிறக்கும் இடரை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். இரு சுவிச்சுக்களை இணைக்கும் வடம் ஒன்று 10, 20, 30 என எண்ணிட்ட மூன்று பிரிவுகளின் செய்திகளைச் சுமக்கின்றது என்க. 40 ஆம் பிரிவையும் சேர்க்க விரும்பியவர் 'அட்' என்னும் சிறு சொல்லை விட்டுவிட்டால், பழைய பட்டியல் நீங்கி 40 மட்டுமே எஞ்சும். சொற்றொடர் இலக்கணப்படி சரியானதாகலின் கருவி பிழை கூறாது. மூன்று பிரிவுகளும் அக்கணமே துண்டிக்கப்படும். அவற்றுள் ஒன்றன் வழியே தொலைவிலிருந்து கட்டளையிட்டவராயின், தான் அமர்ந்த கிளையைத் தானே வெட்டியவராவார்.

பேரமைப்புக்களும் இதற்கு விலக்கல்ல. 2021 ஒக்டோபர் 4 இல், பேஸ்புக் நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பிற் பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அதன் தொடுப்புக்கள் அனைத்தையும் வீழ்த்தியது. தவறான கட்டளையைத் தடுக்கவேண்டிய சோதனைச் செய்நிரலும் வழுவுற்றது. தொலைவழி அடைபட்டமையால் பொறியியலாளர் நேரிற் செல்ல நேர்ந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் சேவை நின்றது.

இதற்குப் பரிகாரம், மாற்றத்துக்கு முன்னரே மீளும் வழியை அமைத்தலாகும். 'ரீலோட் இன் 10' என முதலில் இட்டால், பத்து நிமிடத்தில் அதனை நாம் விலக்காதவிடத்துக் கருவி தானே மறுதொடக்கம் கொள்ளும். புதிய மாற்றம் சேமிக்கப்படாமையின் பழைய அமைப்பு மீளும். ஜூனிப்பர் கருவிகளில், மாற்றத்தை ஏற்று உறுதிசெய்யாவிடின் பழைய நிலைக்கே திரும்பும் கட்டளை உண்டு.

அங்ஙனமாயின் சொல்லை விடுத்துப் படங்களைத் தொட்டு ஏவுதல் நன்றன்றோ எனின், அன்று. எழுதிய கட்டளையைப் பிறரிடம் காட்டித் திருத்தலாம், பழையதோடு ஒப்பிடலாம், நூறு கருவிகளுக்கும் ஒரே படியாக அனுப்பலாம். ஆனால் பிழையும் அவ்வாறே நூறாகும். ஆதலின், எழுதியதை மீண்டும் ஒருமுறை படித்து, மீளும் வழியையும் வகுத்த பின்னரே விசையை அழுத்துதல் அறிவுடைமையாகும்.