யாவர்க்கும் உரிய கட்டடம்

கட்டடம் என்பது மக்கள் உறைதற்கும் கூடித் தொழில் புரிதற்கும் அமைந்த இடமாகும். ஆயின், அதன் வாயிலிலுள்ள மூன்று படிகளே சிலர்க்கு மதிலாகிவிடுதல் உண்டு. சக்கர நாற்காலியிற் செல்வோர், ஊன்றுகோல் கொண்டு நடப்போர், முதியோர் ஆகியோரை அங்குத் தடுப்பது அவர்தம் உடற்குறை மட்டுமன்று. அவரை எண்ணாது வரைந்த வரைபடமுமாம்.

இக்கருத்தை வலியுறுத்தியோருள் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் றொனால்ட் மேஸ் (1941–1998) தலையாயவர். இளமையில் இளம்பிள்ளைவாதத்தாற் பீடிக்கப்பட்ட அவர் சக்கர நாற்காலியிலேயே இயங்கியவர். குறையுடையோர்க்கெனப் புறவாயில் ஒன்று அமைத்தலை விடுத்து, யாவரும் ஒரே வாயிலால் நுழையக் கட்டடத்தை முதலிலேயே அமைத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரும் துணைவரும் 1997இல் இதற்கு ஏழு நெறிகளை வகுத்தனர்.

நெறி பயன்தருவது அளவினாலேயாம். 1961இல் அமெரிக்காவில் வெளியான முதல் நியமம், ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வீதம் சாய்தளம் அமைதல் வேண்டுமென விதித்தது. ஆறங்குலப் படிகள் மூன்றாயின் உயரம் பதினெட்டங்குலம்; எனவே சாய்தளம் பதினெட்டடி நீளுதல் வேண்டும். இடமின்மை கருதி அதனை ஆறடியாகக் குறுக்கின், நாற்காலியில் இருப்பவர் தம் கைவலியால் ஏறல் அரிது; இறங்குங்கால் கவிழ்தலும் கூடும். அன்றியும், கதவு திறந்தவழி 32 அங்குல இடைவெளியும், நாற்காலி திரும்ப ஐந்தடிச் சதுர வெளியும் வேண்டப்படும்.

இவையெல்லாம் வீண்செலவு என்பார் உளர். கட்டி முடித்தபின் இடித்துத் திருத்துதலே பெருஞ்செலவாம். வரைபடத்திற் கோட்டை மாற்றுதற்கு ஆகும் செலவு சிறிதே. அச்சாய்தளம் குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும் பாரம் இழுக்கும் தொழிலாளிக்கும் ஒருங்கே உதவும்.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொது இடங்களுக்குள் நுழைதற்கு உடற்குறை தடையாகலாகாதெனக் கூறிற்று. 2006இல் அதன்கீழ் ஒழுங்குவிதிகள் பிறந்தன. புதிய பொதுக் கட்டடங்கள் அவற்றுக்கு அமைதல் வேண்டுமென 2011இல் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. எனினும், சட்டம் வரைபடத்தைத் தானே வரைவதில்லை. பாடசாலை, மருத்துவமனை, நூல்நிலையம் எதுவாயினும், அத்திவாரம் இடுமுன் அவ்வரைபடத்தைச் சக்கர நாற்காலியிற் செல்வார் ஒருவரிடங் காட்டி, வாயில் முதல் மலசலகூடம் வரை அவர் பிறர் துணையின்றிச் சென்று மீள இயலுமா என வினவியறிதல் கட்டுவோர் கடனாகும்.