கண் கூசும் ஒளியும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

அந்தி மயங்கிய பின்னர்ச் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் முன்னிருக்கையில் அமர்ந்து செல்கிறோம். எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு நேரே கண்ணில் பாய்கிறது. ஒரு கணம் சாலையே மறைந்துவிடுகிறது. 'கண் கூசுகிறது' என்கிறோம் நாம். அருகிலிருக்கும் தெலுங்கு அன்பர் 'மிருமிட்லு' என்ற சொல்லை ஆள்கிறார். ஆங்கிலம் கற்றவர் 'கிளேர்' என்கிறார். மூவரும் சொல்வது ஒன்றுதானா?

'கிளேர்' என்பது முதலாவதாகக் கண்ணுக்கு ஒவ்வாத கடுமையான ஒளியைக் குறிக்கும். சினந்து முறைத்துப் பார்ப்பதற்கும் அதே சொல் வழங்கும். அதனின்று பிறந்த 'கிளேரிங்' என்னும் அடைமொழி பிழையோடு சேரும்போது, மறைக்க முடியாத பிழை என்று பொருள்படும். அதனை 'ஒளிவீசும் பிழை' என மொழிபெயர்த்தால் பிழைக்குப் பாராட்டு வழங்கியதாகிவிடும். 'கண்ணை உறுத்தும் பிழை' என்பதே தமிழ்.

இதற்கு உடன்பிறப்புப் போன்ற சொல் 'டாஸில்'. திகைத்தலைக் குறிக்கும் 'டேஸ்' என்னும் சொல்லிலிருந்து கிளைத்தது. கிளேர் ஒளியின் இயல்பு. டாஸில் அவ்வொளி கண்ணுக்குச் செய்வது. மற்றொரு வேறுபாடும் உண்டு. 1518இல் கிருஷ்ணதேவராயர் பொன் வேய்ந்த சிறப்புடையது திருமலையின் ஆனந்த நிலய விமானம். நண்பகல் வெயிலில் அது மின்னுவதைச் சொல்ல டாஸில் பொருந்தும். கிளேர் என்றால் குறை கூறியதாகும். தெலுங்கின் மிருமிட்லும் புகழ்ச்சிக்கு உதவும்.

நமது 'கூசு' என்னும் சொல்லோ வேறு வழியிற் செல்கிறது. புளி தின்றால் பல் கூசுகிறது. உள்ளங்காலைத் தொட்டால் உடல் கூசுகிறது. புதியவர் முன் பேசக் குழந்தை கூசுகிறது. எங்கும் பின்வாங்குதல் என்பதே உட்பொருள். ஆங்கிலம் ஒளியை நோக்க, தமிழ் உடம்பை நோக்குகிறது என்று நாம் கருதுகிறோம்.

சட்டமும் இச்சொற்களைக் கையாள்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணை அதன் ஒளி 'டாஸில்' செய்யலாகாது என்கின்றன. அளவுகோல் விளக்கன்று, எதிரே நிற்பவரின் கண்! (திருமலை மலைப்பாதையில் இத்தொல்லை குறைவு. 1944இல் திறந்த பாதை இறங்குவதற்கும், 1974இல் திறந்த பாதை ஏறுவதற்கும் என இன்று பிரிந்திருப்பதால், எதிர்விளக்கு என்பதே அரிது.)

விளக்குப் பொறியாளர் கிளேரை இரு வகையாகப் பிரிப்பர்: தொல்லை மட்டும் தருவது ஒன்று, பார்வையையே குறைப்பது மற்றொன்று. விழிக்குள் புகுந்த ஒளி சிதறி, காணும் உருவத்தின்மேல் வெண்திரைபோல் படிவதே பின்னதற்குக் காரணம். கண்புரை விழுந்த முதியவரின் விழிவில்லை ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கும். ஆதலின் அவர்க்கு இரவுப் பயணம் இடர் மிகுந்தது.

சொல் வேறுபாடு இங்கேதான் உயிர்நிலையாகிறது. கண் மருத்துவரிடம் சென்று 'கண் கூசுகிறது' என்று மட்டும் சொன்னால், அது இரண்டு நோய்க்குறிகளைக் குறிக்கக்கூடும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தோன்றிப் பார்வை மங்குவது கிளேர். பெரும்பாலும் புரையின் அறிகுறி. நாள் குறித்து அறுவை செய்துகொள்ளலாம். சாதாரணப் பகல் வெளிச்சத்திலேயே வலியெடுத்து, நீர் வடிந்து, கண் சிவந்து, இமை தானே மூடிக்கொள்வது வேறு. அதற்கு ஆங்கில மருத்துவத்தில் 'போட்டோபோபியா' என்று தனிப்பெயர். கருவிழியில் புண்ணோ, கண்ணின் உள்ளே அழற்சியோ இருந்தால் இவ்வாறு நேரும். ஒரு நாள் தாமதமும் பார்வையைப் பறிக்கக்கூடும். தமிழில் இரண்டும் 'கூச்சம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

திருப்பதியில் 2019இல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து அங்கே செல்லும் முதியவருக்குத் துணையாகப் போகிறவர், எந்த வெளிச்சத்தில் கூசுகிறது, வலி உண்டா, கண் சிவந்துள்ளதா, எத்தனை நாளாக என்பவற்றை முன்னரே கேட்டு வைத்துக்கொண்டால், தமிழிற் சொன்னாலும் தெலுங்கிற் சொன்னாலும் மருத்துவர்க்கு ஐயம் எழாது.