டேபிள் இன்னும் காலி ஆகல: லினக்ஸ் கர்னலில் பத்து வருஷம் கிடந்த பிழை

இன்னைக்கு லினக்ஸ் கர்னலோட நெட்வொர்க் பகுதியில பத்து வருஷத்துக்கும் மேல யார் கண்ணுலயும் படாம இருந்த ஒரு பிழையைப் பத்திப் பேசப் போறேன். சரிசெய்ய ஒரு வரியை எடுத்துட்டு ரெண்டு வரி போட்டாங்க, அவ்வளவுதான்.

நெட்வொர்க்ல வர்ற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கர்னல் மெமரியில ஒரு இடம் ஒதுக்கும். அதைக் கர்னலோட பல பகுதிகள் ஒரே நேரத்துல வச்சிருக்கலாம். அதனால, எத்தனை பேர் வச்சிருக்காங்கன்னு ஒரு எண்ணிக்கையும் கூடவே இருக்கும். அது பூஜ்ஜியம் ஆனாத்தான் அந்த இடத்தைக் காலி பண்ணணும்.

மெஸ்ல ஒரு டேபிள்ல ரெண்டு பேர் சாப்பிடறாங்கன்னு வைங்க. ஒருத்தர் கை கழுவ எழுந்ததுமே சப்ளையர், "டேபிள் காலி"ன்னு குரல் கொடுக்கிறார். புதுசா ஒருத்தர் வந்து உட்கார்றார். அப்புறம் அந்த ரெண்டாவது ஆளும் எழுந்து போறார். உடனே மறுபடியும், "டேபிள் காலி!" புது ஆள் இன்னும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கார். ஒரே இடத்தை ரெண்டு தடவை காலி பண்ற இந்தப் பிழைக்குப் பேர் 'டபுள் ஃப்ரீ'.

டிசிசிபின்னு ஒரு நெட்வொர்க் புரோட்டோகால் இருக்கு. டிசிபி மாதிரிதான், ஆனா பயன்படுத்தறவங்க ரொம்பக் குறைவு. இதுல புது இணைப்பு கேட்டு பாக்கெட் வரும்போது, ஐபிவி6-ல ஒரு குறிப்பிட்ட ஆப்ஷன் போட்டிருந்தா, கர்னல் அந்த பாக்கெட்டைப் பின்னால தேவைப்படும்னு எடுத்து வச்சு எண்ணிக்கையை ஒண்ணு கூட்டும். ஆனா அடுத்து ஓடற கோடு, எண்ணிக்கையைப் பார்க்காமலே பாக்கெட்டை அழிச்சிடும்.

அந்தக் காலி இடத்துல யார் உட்காரணும்னு தாக்குறவர் முடிவு பண்ண முடிஞ்சா, கதை வேற. அந்தக் கம்ப்யூட்டர்ல சாதாரண கணக்கு மட்டும் வச்சிருக்கிற ஒருத்தர் ரூட் ஆகிடலாம்.

2006 செப்டம்பர்ல வந்த 2.6.18 கர்னல்லயே இது இருந்தது. 2017-ல ஆண்ட்ரே கோனோவாலோவ் கண்டுபிடிச்சார். உதவினது கூகுளோட சிஸ்காலர். கர்னல்கிட்ட தாறுமாறா கோரிக்கைகளை அனுப்பிக்கிட்டே இருந்து, அது எங்க தடுமாறுதுன்னு பார்க்கிற கருவி. நேரா அழிக்கிற பாதையை எடுத்துட்டு, எண்ணிக்கையைக் குறைச்சுப் பார்த்து, பூஜ்ஜியம்னா மட்டும் அழிக்கிற ஃபங்ஷனைப் போட்டார்.

"நான்தான் டிசிசிபி பயன்படுத்தறதே இல்லையே, எனக்கென்ன?"ன்னு கேட்கலாம். பல லினக்ஸ்ல யாராவது ஒரு டிசிசிபி சாக்கெட் திறந்தாலே போதும், கர்னல் அந்த மாட்யூலைத் தானாவே ஏத்திக்கும். நாம தொடாத கோடும் நம்ம மெஷின்ல கூப்பிட்டா ஓடி வர்ற தூரத்துலதான் இருக்கு. 2025-ல டிசிசிபியையே கர்னல்ல இருந்து எடுத்துட்டாங்க.

அதனால சர்வர் பார்த்துக்கிறவங்களுக்கு ரெண்டு வேலை. தேவையில்லாத புரோட்டோகால் மாட்யூல்கள் தானா ஏறாம தடுத்து வைங்க. கர்னல் அப்டேட் போட்டா ரீபூட்டைத் தள்ளிப் போடாதீங்க. லைவ் பேட்ச் இல்லாத மெஷின்ல, ரீபூட் பண்ற வரைக்கும் ஓடறது பழைய கர்னல்தான்.