யார் படியளப்பது? – 6: லைசென்ஸ் கட்டாத வீடுகள்

பிரிட்டனில் எந்தச் சேனலை நேரலையில் பார்த்தாலும் டி.வி. லைசென்ஸ் கட்ட வேண்டும். பி.பி.சி. பக்கமே போகாதவருக்கும் விலக்கு இல்லை. 1946-ல் ஆண்டுக்கு 2 பவுண்டில் தொடங்கிய கட்டணம், 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டு ஆனது. பி.பி.சி.யின் ஐபிளேயர் இணையச் சேவையில் பழைய நிகழ்ச்சிகளை மட்டும் பார்ப்பவர்கள் முன்பு இதிலிருந்து தப்பிவந்தார்கள். 2016 செப்டம்பரில் அந்த வழியும் அடைபட்டது. ஆனால் நெட்ஃப்ளிக்ஸ் தொடர்களோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டுக்கு இந்தச் செலவு கிடையாது. அதனால் “எங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை” என்று எழுதிக் கொடுத்து விலகும் வீடுகள் பெருகிவருகின்றன.

சொல்லாமல் கொள்ளாமல் கட்டாதிருந்தால் முதலில் கடிதம் வரும். பெயர் தெரியாததால், ‘இங்கே குடியிருப்பவருக்கு’ என்றுதான் விலாசம் இருக்கும். பிறகு ஆள் வருவார். வாரண்ட் இல்லாமல் அவர் உள்ளே நுழைய முடியாது. ஆனால் வாசலில் அவர் கேட்கும் கேள்விக்குச் சொல்லும் பதிலே வழக்காகிவிடலாம். அபராதம் 1,000 பவுண்டு வரை போகும். தண்டிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். பகலில் வீட்டில் இருப்பவரும், கதவைத் திறப்பவரும் பெரும்பாலும் அவர்கள்தான். பொதுச் சேவையின் பெயரால், தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு தாயைக் குற்றவாளியாக்கும் முறையை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்காக, கட்டணத்தை ஒழித்துவிட்டு அரசே பணம் கொடுக்கட்டும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கொடுக்கிற கை எப்போது வேண்டுமானாலும் மடங்கும். அப்படிக் கை மடங்கிய அனுபவம் தமிழர்களான நமக்கும் உண்டு. போர்க்காலத்தில், மின்சாரமும் பேட்டரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை ஓட்டி, பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசையைக் கேட்டார்கள். அந்த ஒலிபரப்புக்கு அன்று பணம் கொடுத்தது பிரிட்டனின் வெளியுறவு அமைச்சகம். 2014 ஏப்ரலில் அரசு கையைச் சுருக்கிக்கொண்டு, பி.பி.சி. உலக சேவையை லைசென்ஸ் கட்டணத்தின் தலையில் கட்டியது. கேட்பவர்கள் கைபேசிக்கு மாறிவந்த நிலையில், 1941-ல் தொடங்கிய தமிழ் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது.

75 வயது கடந்தவர்களுக்கான இலவச லைசென்ஸும் இப்படித்தான் கைமாறியது. 2000-ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்து, செலவை ஏற்றது அரசு. 2015-ல் அந்தச் சுமையை பி.பி.சி.யிடம் தள்ளியதும் அரசுதான். 2020 ஆகஸ்டில் பி.பி.சி. அந்தச் சலுகையை, வருமானம் குறைந்த முதியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஏச்சும் பேச்சும் வாங்கியது பி.பி.சி.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 2013 முதல் அங்கே வீட்டுக்கு ஒரு கட்டணம். டி.வி. இருக்கிறதா, எதில் பார்க்கிறார்கள் என்று யாரும் வீட்டுக்குள் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. அரசு உதவித்தொகையில் வாழ்பவர்கள் விலக்குக் கேட்டுப் பெறலாம். நிலையங்களுக்கு எவ்வளவு தேவை என்பதைக் கட்சிக்காரர்கள் தீர்மானிப்பதில்லை. தனி நிபுணர் ஆணையம் கணக்குப் பார்த்துச் சொல்கிறது. மாதம் 17.50 யூரோவை 18.36 ஆக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தபோது, 16 மாநிலங்களில் சாக்ஸனி-அன்ஹால்ட் மட்டும் 2020 டிசம்பரில் முட்டுக்கட்டை போட்டது. தகராறு 86 சென்ட்டுக்குத்தான். ஆனாலும் விவகாரம் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2021 ஆகஸ்டில் நீதிமன்றமே அந்த உயர்வை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒலிபரப்பின் சுதந்திரத்துக்குப் போதிய பணமும் தேவை என்பதைச் சட்டமாகவே மதிக்கும் நாடு அது.

மாளிகைக்கும் ஒற்றை அறை வீட்டுக்கும் ஒரே தொகை என்பது அந்த முறையின் குறை. வருமானத்தைப் பார்த்து வரி வாங்கும் ஃபின்லாந்தைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.

பி.பி.சி.யின் இப்போதைய சாசனம் 2027 டிசம்பர் 31-ல் முடிகிறது. அதற்குள் பணத்துக்கு என்ன வழி என்று பிரிட்டன் முடிவெடுத்தாக வேண்டும். வாசலில் ஆள் நிற்பதும் கூடாது, தொகையை அமைச்சர் நிர்ணயிப்பதும் கூடாது. இவை இரண்டையும் ஒருசேர ஒழிக்காத எந்தத் திட்டமும் பொது ஒலிபரப்பைக் காப்பாற்றாது.

(தொடரும்)