மீஞ்சூர் வீட்டுக்கு வீடியோ காலில் விலை போட முடியுமா?

வெளியூர்ல இருந்துக்கிட்டே மீஞ்சூர் வீட்டை விக்கணும், என்ன விலை சொல்லலாம்? நிறைய பேர் கேட்ட கேள்வி இது.

முதல்ல பதிவுத்துறை இணையதளத்துல சர்வே எண்ணைப் போட்டு வழிகாட்டி மதிப்பைப் பாருங்க. அது மனைக்கு அரசு வச்ச கணக்கு. சந்தை விலை இல்ல. ஆனா அதைவிட ரொம்பக் குறைச்சு வித்தா, வருமான வரி அரசு மதிப்புக்குத்தான் விழும்.

அடுத்து, மதிப்பீட்டாளருக்கு வீடியோ கால்ல விரிசல், ஓதம், தெரு அகலம் எல்லாம் காட்டிடலாம். தண்ணியோட உப்பைக் காட்ட முடியாது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில கடல்நீர் புகுந்து பல பத்து வருஷம் ஆச்சு. "தண்ணி உப்பு சார்"னு சொல்லியே புரோக்கர் லட்சக்கணக்குல குறைப்பார். அதனால போர் தண்ணியை ஆய்வகத்துல கொடுத்து டிடிஎஸ் அளவை வாங்கி வச்சுட்டு, அப்புறம் விலை பேசுங்கன்னுதான் நான் சொல்வேன்.